டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வார்த்தைக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, வெற்றிலைக் கொடிக்கால் வேலை. 12 வருடமாகச் சுகர், பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வயிற்றுப்போக்கும் வாந்தியும் நிற்காமல், காய்ச்சலும் சேர்ந்து மயங்கி விழுந்துவிட்டார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சம்மரியில் ‘ஏஜிஇ வித் சிவியர் டிஹைட்ரேஷன், ஏகேஐ ஆன் ?சிகேடி, கே/சி/ஓ டி2டிஎம், எஸ்எச்டிஎன்’ என்று இருக்கிறது. கிரியேட்டினின் சேரும்போது 2.4, வரும்போது 1.6. யூரின் ஆல்புமின் 2 ப்ளஸ். எச்பிஏ1சி 8.9, ஹீமோகுளோபின் 10.8. எக்கோவில் ‘ஈஎஃப் 60%, கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், ட்ரிவியல் டிஆர், நோ ஆர்டபிள்யூஎம்ஏ, நோ க்ளாட்/பிஇ’. வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர், இடது கிட்னியில் சிம்பிள் சிஸ்ட், கார்டிக்கல் எக்கோஸ் அதிகம், சிஎம்டி மெயின்டெய்ன்டு’. டெல்மிசார்டன் மாத்திரைக்கு நேராக ‘ஹோல்ட்’ என்று எழுதி, அம்லோடிபின் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வார்த்தையாக கூகுளில் போட்டுப் பார்த்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. சித்தப்பா ‘கிட்னி ரெண்டும் போச்சு, இனிமே டயாலிசிஸ்தான், ஹார்ட்டும் 60 பர்சென்ட்தான் வேலை செய்யுது’ என்கிறார். அம்மா சமையலில் உப்பையே நிறுத்திவிட்டார். முழங்கால் வலிக்கு அப்பா மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார், அதைத் தொடரலாமா? இதில் எந்த வார்த்தைக்கு நாங்கள் பயப்பட வேண்டும்?

பதில்: சகோதரி, முதலில் சித்தப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருப்பது அதை வைத்துத்தான். நீங்கள் எழுதி அனுப்பியதில் ‘கிட்னி ரெண்டும் போச்சு’ என்று எந்த வரியும் சொல்லவில்லை. ‘ஹார்ட் 60 பர்சென்ட்தான்’ என்பது முழுக்கத் தவறு. ஆனால் கவனிக்க வேண்டியது அந்தத் தாளில் இல்லாமல் இல்லை. உங்கள் வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத மூன்று இடங்களில் அது இருக்கிறது: சிகேடி-க்கு முன்னால் இருக்கிற கேள்விக்குறி, யூரின் ஆல்புமின் 2 ப்ளஸ், அப்புறம் அந்த ‘ஹோல்ட்’. பயமுறுத்துகிற மாதிரி ஒலிக்கும் வார்த்தைகள் பெரும்பாலும் சாதாரணமானவை, சாதுவாக உட்கார்ந்திருக்கிற வார்த்தைகளைத்தான் உடனே கவனிக்க வேண்டும். உங்கள் அப்பா சம்மரியில் அப்படித்தான் இருக்கிறது.

இதயத்தை முடித்துவிடலாம், அதில் நல்ல செய்திதான். ஈஎஃப் என்பது இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நல்ல ஆரோக்கியமான இதயமே நூறு சதவீதமும் தள்ளாது, கொஞ்சம் ரத்தம் உள்ளே மிச்சம் இருந்தே ஆகும். சுமார் 55 முதல் 70 வரை இயல்பு. அதாவது 60 என்பது பரீட்சையில் வாங்கிய மார்க் இல்லை, உங்கள் அப்பாவின் இதயம் சரியாகத் தள்ளுகிறது என்பதற்கான எண். இந்த ஒரு எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டு, வேலையை விட்டுவிட்டு, மாடிப்படி ஏறாமல், கல்யாணம் காட்சிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன ஆட்களை நான் பார்க்கிறேன், ரொம்ப வருத்தமாக இருக்கும். தயவுசெய்து இன்றைக்கே அப்பாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்றால் துடித்து முடித்ததும் இதயத் தசை தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில் லேசான தாமதம். வயது கூடும்போதும், பல வருடம் பிரஷர் இருக்கிறவர்களுக்கும் இது மிகச் சாதாரணமாக வரும், மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ இல்லாதவருக்குத் தனியாக வைத்தியம் என்று எதுவும் இல்லை, பிரஷரையும் சுகரையும் ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் வைத்தியம். ட்ரிவியல் டிஆர் என்றால் வலது பக்க வால்வில் துளியளவு பின்கசிவு, நல்ல ஆரோக்கியமாக இருக்கிற பலருக்கும் எக்கோ எடுத்தால் இது தெரியும். நோ ஆர்டபிள்யூஎம்ஏ என்பதுதான் நான் தேடிப் பார்த்த வரி: இதயச் சுவரின் எந்தப் பகுதியும் அசையாமல் நிற்கவில்லை, அதாவது பெரிய அட்டாக் வந்து தசை செத்துப்போன அடையாளம் எதுவும் எக்கோவில் தெரியவில்லை. கடைசியில் இருக்கும் பிஇ-யை நீங்கள் கூகுளில் போட்டால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு என்று வந்து குலை நடுங்க வைத்திருக்கும். எக்கோ ரிப்போர்ட்டில் அது இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பதைக் குறிக்கும். அதற்கும் முன்னால் ‘நோ’ என்று போட்டிருக்கிறதே, பார்த்தீர்களா? ஒரே சுருக்கெழுத்துக்கு ஒரு ரிப்போர்ட்டில் ஒரு அர்த்தம், இன்னொன்றில் வேறு அர்த்தம். மாத்திரைச் சீட்டில் ஓடி என்றால் தினம் ஒரு வேளை, கண் டாக்டர் எழுதும் ஓடி வலது கண். அதனால்தான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்து எடுத்து கூகுளில் தேடாதீர்கள் என்கிறேன், அந்த வார்த்தைக்கு இருக்கிற அர்த்தங்களிலேயே மோசமானதுதான் முதலில் கண்ணில் படும்.

ஃபேட்டி லிவர் கிரேடு 1, சிம்பிள் சிஸ்ட் இரண்டையும் சீக்கிரமாகத் தாண்டிவிடலாம். கல்லீரலில் லேசாகக் கொழுப்பு படிந்திருக்கிறது, சுகர் உள்ளவர்களுக்கு இது சகஜம், சுகரும் தொப்பையும் குறைந்தால் அதுவும் குறையும். குடிப்பழக்கம் இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும். சிம்பிள் சிஸ்ட் வெறும் நீர்க்கட்டி, ஐம்பது தாண்டிய பலருக்கும் கிட்னியில் இருப்பது, புற்றுநோய் இல்லை, எடுக்க வேண்டியதும் இல்லை. அந்த ‘சிம்பிள்’ சும்மா போட்ட அடைமொழி இல்லை, ஸ்கேன் பார்த்த டாக்டர் உள்ளே தடுப்புச் சுவரோ கட்டியோ எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு எழுதியது.

இனி முதல் வரிக்கு வருவோம். ஏஜிஇ-யை ஆங்கிலத்தில் வயது என்று படித்துக் குழம்புகிறவர்கள் உண்டு, அது திடீரென்று வந்த வயிற்றுப்போக்கு, வாந்தி. டிஹைட்ரேஷன் உடம்பில் நீர் வற்றிப்போனது. கே/சி/ஓ என்றால் ‘ஏற்கெனவே இந்த நோய் உள்ளவர்’ என்று அர்த்தம், டி2டிஎம் சுகர், எஸ்எச்டிஎன் பிரஷர். புதிதாக எதுவும் இல்லை. ஏகேஐ, சிகேடி இரண்டும் கிட்னி சம்பந்தப்பட்டவை. முதலாவது அக்யூட், இரண்டாவது க்ரானிக். இந்த இரண்டு வார்த்தையையும் நம் ஆட்கள் ‘ரொம்ப மோசம்’, ‘அதைவிட மோசம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். இவை எவ்வளவு மோசம் என்பதையே சொல்வதில்லை, எவ்வளவு காலம் என்பதைத்தான் சொல்கின்றன. அக்யூட் என்றால் சில மணி நேரத்திலோ நாட்களிலோ வந்தது, க்ரானிக் என்றால் நாள்பட்டது, கிட்னி விஷயத்தில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தச் சொல்லையே பயன்படுத்த வேண்டும். அக்யூட்டாக வந்து உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு, நாலு நாளில் சரியாகிப்போவதும் உண்டு. க்ரானிக்காக இருந்தாலும் முப்பது வருடம் தோட்டத்து வேலை பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறவர்கள் உண்டு.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது என்ன என்று நான் யூகிப்பதைச் சொல்கிறேன். வயிற்றுப்போக்கில் நீர் வற்றி, பிரஷர் இறங்கி, கிட்னிக்குப் போகிற ரத்தம் குறைந்துவிட்டது. அந்த நேரத்திலும் வழக்கமான டெல்மிசார்டன் உள்ளே போயிருக்கும். உடம்புவலிக்கு மெடிக்கல் கடை மாத்திரையும் போட்டாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நீர் வற்றிய உடம்பு, இந்த வகைப் பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் கிட்னி திணறிப்போகும். கிரியேட்டினின் 2.4 ஆனது அதனால்தான் இருக்க வேண்டும். டிரிப் ஏற்றியதும் நாலே நாளில் 1.6-க்கு இறங்கியிருக்கிறது என்றால் அது தேறிவருகிற கிட்னி. ‘ரெண்டும் போச்சு’ என்றால் இப்படி இறங்காது.

கிரியேட்டினின் என்பது நம் தசைகள் தினமும் உண்டாக்கும் ஒரு கழிவு, கிட்னி அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. ஆண்களுக்குச் சுமார் 0.7 முதல் 1.3 வரை இயல்பு, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஆனால் ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. வைகை அணை இன்றைக்கு 58 அடி என்று பேப்பரில் பார்த்தால் உங்கள் அப்பா என்ன கேட்பார்? நேற்று எத்தனை, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதானே? அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். 1.6 இன்னும் இறங்கி 1.1-ல் போய் நிற்கலாம், அப்படியென்றால் வந்தது வெறும் அக்யூட். அல்லது 1.6-லேயே நின்றுவிடலாம், அப்படியென்றால் வயிற்றுப்போக்குக்கு முன்பே கிட்னியில் பழைய பாதிப்பு இருந்திருக்கிறது. இது எது என்று அந்த டாக்டருக்கு அன்றைக்குத் தெரிய வழியில்லை, அதை நேர்மையாக ஒப்புக்கொண்டுதான் சிகேடி-க்கு முன்னால் கேள்விக்குறி போட்டிருக்கிறார். சம்மரியில் கேள்விக்குறியோடு வருவது சந்தேகம், முடிவான நோய் இல்லை. அடுத்த தடவை வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் கேள்விக்குறி காணாமல் போய் ‘கே/சி/ஓ சிகேடி’ என்று ஆகிவிடும், இது அடிக்கடி நடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கலாம். அப்பாவுக்கு இதற்கு முன்னால் ஏதாவது ஆபரேஷனோ, முழு உடல் பரிசோதனையோ, முகாமில் ரத்தப் பரிசோதனையோ நடந்திருக்கிறதா? பீரோவில், மஞ்சப்பையில், எங்கே பழைய லேப் சீட்டுகள் இருந்தாலும் எடுங்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் கிரியேட்டினின் 1.0 என்று ஒரு சீட்டு கிடைத்தால் அதற்கு இருக்கிற மதிப்பு இப்போது எடுக்கும் பல ஸ்கேனுக்கு இல்லை. சீட்டு தொலைந்திருந்தால் சேர்த்து வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கலாம், உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதிமுறைகளிலேயே இருக்கிறது. கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை, எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஸ்கேனில் சொன்ன ‘கார்டிக்கல் எக்கோஸ் அதிகம்’ கிட்னியின் வெளிப்பகுதி வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறது என்பது. அது பழைய பாதிப்பாகவும் இருக்கலாம், இப்போது வந்த திணறலாலும் இருக்கலாம். ‘சிஎம்டி மெயின்டெய்ன்டு’ என்பது உள்பகுதி வெளிப்பகுதி எல்லை கலையாமல் இருக்கிறது என்பது, அது ஆறுதலான வரி. நாள்பட்டு ரொம்பவும் கெட்டுப்போன கிட்னி பெரும்பாலும் சுருங்கி, அந்த எல்லையும் அழிந்துபோய்த் தெரியும்.

சரி, ஒருவேளை 1.6-லேயே நின்றுவிட்டால்? அப்போது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கு இஜிஎஃப்ஆர் என்று ஒரு கணக்கு போடுவார்கள். 61 வயது ஆணுக்கு 1.6 என்றால் அது 49-க்குப் பக்கத்தில் வரும். இதை ஸ்டேஜ் 3ஏ என்பார்கள். இப்போதே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கலங்காதீர்கள், எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு நம்பகமானது இல்லை. மூணாவது ஸ்டேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோயில் சொல்கிற மூணாவது ஸ்டேஜ் ஞாபகம் வந்து பாதி உயிர் போய்விடுகிறது ஜனங்களுக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கிட்னியில் 60-க்குக் கீழே இறங்கினாலே மூணாவது ஸ்டேஜ் ஆரம்பித்துவிடும், 15-க்குக் கீழே போனால் ஐந்தாவது, டயாலிசிஸ் பேச்சு பொதுவாக அங்கேதான் வரும். 49-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கிற தூரத்தை ஒழுங்காக வைத்தியம் பார்த்துப் பல வருடங்களுக்குத் தள்ளிப்போட முடியும், பலர் அந்தப் பக்கம் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

அப்படித் தள்ளிப்போட முடியுமா முடியாதா என்பதைச் சொல்கிற வரிதான் யூரின் ஆல்புமின் 2 ப்ளஸ். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அது. ஆல்புமின் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம், நல்ல கிட்னி அதைச் சிறுநீரில் விடாது. 12 வருடமாகச் சுகர், எச்பிஏ1சி 8.9, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதத்தில் சராசரியாகச் சுகர் 209 அளவில் ஓடியிருக்கிறது. இப்படி ஓடும்போது கிட்னியின் வடிகட்டிகள் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். வலி இருக்காது, சிறுநீர் நன்றாகவே போகும், ‘எனக்கு ஒண்ணும் இல்லையே’ என்றுதான் சொல்வார். கிரியேட்டினின் ஏறுவதற்கு வருடக்கணக்கில் முன்பே இந்தக் கசிவு தொடங்கிவிடும் என்பதால்தான் இதை முதலிலேயே பிடிக்க வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்கிறோம். ஒரு விஷயம், காய்ச்சல் அடிக்கும்போதும் சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் தற்காலிகமாக ஆல்புமின் போகலாம். அதனால் உடம்பு நன்றாகத் தேறிய பிறகு, காலையில் முதல் சிறுநீரில், ஆல்புமின் எவ்வளவு கசிகிறது என்று அளக்கிற யூஏசிஆர் என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்கி எடுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, 300-க்கு மேல் என்றால் அதிகக் கசிவு. கூடுதலாக வந்தால் அடுத்த சில மாதத்துக்குள் இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்ய வேண்டும். கூடவே கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும். சுகரால் கிட்னியின் நுண்ணிய ரத்தக்குழாய் கெட்டால் கண்ணிலும் அதே மாதிரி கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். 1976-லிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் நம் ஊர், பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்காமல் இருக்க வேண்டாம்.

இப்போது ‘ஹோல்ட்’. இதைத்தான் நீங்கள் இன்றைக்கே கவனிக்க வேண்டும். ஹோல்ட் என்றால் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம், இனி வேண்டாம் என்று இல்லை. நீர் வற்றிக் கிட்னி திணறும்போது டெல்மிசார்டனை நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் கிட்னியில் ஆல்புமின் கசிகிறவருக்கு, அந்தக் கசிவைக் குறைத்து கிட்னியைக் காப்பாற்றுகிற முக்கியமான மாத்திரையும் இதே டெல்மிசார்டன் வகைதான். நிறுத்துவதை ஒரு டாக்டர் எழுதுகிறார், திரும்ப ஆரம்பிக்க யாரும் எழுதுவதில்லை, வீட்டிலும் ‘அந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துச்சாம்’ என்று பேச்சாகி வருடக்கணக்கில் அது இல்லாமலே போய்விடுகிறது. அம்லோடிபின் பிரஷரை நன்றாகக் குறைக்கும், ஆனால் ஆல்புமின் கசிவைப் பொறுத்தவரை டெல்மிசார்டன் செய்கிற வேலையை அது செய்யாது. நீங்களாக எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது ஆபத்து. ரிவ்யூவுக்குப் போகும்போது கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், ‘டெல்மிசார்டனை எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம்?’ என்று நேராகக் கேளுங்கள். ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி அந்த இரண்டும் பார்க்க வேண்டும், அப்போது கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம், 30 சதவீதம் வரை ஏறுவதை டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரைகளும் கிட்னியைக் காக்கின்றன, பேடன்ட் முடிந்த பிறகு விலையும் நன்றாகக் குறைந்திருக்கிறது, அப்பாவுக்கு ஒத்துவருமா என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதன் அளவும் இஜிஎஃப்ஆர்-ஐப் பொறுத்து மாறும், 45-க்குக் கீழே அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள்.

சம்மரியின் கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்கும் கையெழுத்துக்கும் நடுவில், ‘ரிவ்யூ வித் ஆர்எஃப்டி’ என்று ஒரு தேதியோடு எழுதியிருக்க வேண்டும், பாருங்கள். ஆர்எஃப்டி என்றால் கிட்னி ரத்தப் பரிசோதனை. முன்பக்கத்து வார்த்தைகளைப் பத்துத் தடவை படிக்கிறவர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை. உடம்பு தேறிவிட்டது, வேலை கெடுகிறது என்று போகாமல் விட்டுவிடாதீர்கள், மூன்று மாதம் கழித்து எடுக்கிற கிரியேட்டினின்தான் அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் சொல்லும். பணம் பிரச்சினை என்றால் மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள், அங்கே கிட்னிக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரை 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துவிடுங்கள்.

அம்மாவின் உப்பு விஷயம். நம் பக்கம் கிரியேட்டினின், யூரியா கூடினால் ‘ரத்தத்துல உப்பு கூடியிருக்கு’ என்று சொல்கிறோம், டாக்டர்களே அப்படித்தான் சொல்லிப் புரிய வைக்கிறார்கள். அதைக் கேட்டதும் வீட்டில் சாப்பாட்டு உப்பு மேல் பழி போகிறது. அது வேறு, இது வேறு. சாப்பாட்டு உப்பு கிரியேட்டினினாக மாறாது. பிரஷருக்காகவும் கிட்னிக்காகவும் உப்பைக் குறைக்க வேண்டியது உண்மைதான், ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், அதிலும் முதலில் நிறுத்த வேண்டியது ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் மிக்சர். உப்பே இல்லாமல் சமைத்தால் வயிற்றுப்போக்கில் உடம்பு இளைத்து வந்திருக்கிற மனுஷன் சாப்பாட்டையே தள்ளிவிடுவார், அது வேண்டாம். இந்துப்புக்கு மாறினால் நல்லது என்று யாராவது சொல்வார்கள், அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று பாக்கெட்டில் விற்பதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கும், கிட்னி சரியில்லாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இளநீர், வாழைப்பழம் விஷயமும் இதே பொட்டாசியம்தான், அந்த ரத்தப் பரிசோதனை வரும்வரை இளநீரைத் தள்ளி வையுங்கள், அளவு சரியாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கலாம். நட்சத்திரப்பழம் எப்போதுமே வேண்டாம்.

ஹீமோகுளோபின் 10.8-ஐயும் விட்டுவிடாதீர்கள். ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கிட்னி நாள்பட்டுக் கெட்டாலும் ரத்தம் குறையும், கொடிக்கால் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவருக்குக் கொக்கிப்புழுவாலும் குறையும், வயிற்றில் எங்காவது கசிந்தாலும் குறையும், அதுவும் வலி மாத்திரை போடுகிறவருக்கு. இரும்புச்சத்துப் பரிசோதனை எடுத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், சும்மா ஒரு டானிக் வாங்கிக் கொடுத்து முடித்துவிட வேண்டாம். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண்ணே கூடக்குறையக் காட்டலாம் என்பதால், வெறும்வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் எடுக்கும் சுகரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

முழங்கால் வலி மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ என்று பேப்பரில் மடித்துக் கொடுப்பார்களே, அதில் பெரும்பாலும் இது ஒன்று இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும், அது சுகரை ஏற்றும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போடலாம், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு வெளியே தடவுகிற மருந்து, தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, இவையெல்லாம் இருக்கின்றன. கிட்னிக்கு நல்லது என்று சொல்லி யாராவது பஸ்பம், செந்தூரம் என்று கொடுத்தால் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.

நீங்கள் தனியாகக் கேட்காவிட்டாலும் சம்மரியில் இன்னும் சில இடங்களில் முழித்திருப்பீர்கள் என்று தெரியும். ‘எஸ்1 எஸ்2 ப்ளஸ்’ என்றால் இதயத்தின் இரண்டு ஒலியும் நன்றாகக் கேட்கிறது, அந்த ப்ளஸ் கெட்டது இல்லை. ‘பிஏ சாஃப்ட்’ வயிறு மிருதுவாக இருக்கிறது, ‘என்எஃப்என்டி’ கை கால் செயலிழப்பு எதுவும் இல்லை, ‘ஏஃபெப்ரைல்’ காய்ச்சல் இல்லை. மாத்திரைக்கு நேராக எச்எஸ் என்றால் தூங்கப்போகும்போது, எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும், தினமும் இல்லை. ஹைப்பர், ஹைப்போ என்ற இரண்டிலும் கவனமாக இருங்கள், ஒன்று கூடுதல், மற்றது குறைவு, போனில் சொல்லும்போது மாறிப்போனால் வைத்தியமே தலைகீழாகிவிடும், அதனால் டாக்டரிடம் வார்த்தையைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள்: ‘சுகர் 54’ என்றால் யாருக்கும் குழப்பம் வராது. ரிவ்யூவின்போது டாக்டர் அவசரத்தில் இருந்தாலும், ‘இதைத் தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அதைச் சொல்லிப் புரிய வைப்பதும் எங்கள் வேலைதான்.

மறுபடி எப்போதாவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டு, அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, ‘எந்த மாத்திரைகளை இரண்டு நாள் நிறுத்தி வைக்கட்டும், எப்போது திரும்பத் தொடங்கட்டும்’ என்று கேளுங்கள். மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், டபாகிளிஃப்ளோசின் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். சிறுநீர் ரொம்பக் குறைந்துபோனாலோ, முகம் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறித் தூங்கித் தூங்கி விழுந்தாலோ ரிவ்யூ தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு வந்துவிடுங்கள், கையில் இந்தச் சம்மரியும் பழைய லேப் சீட்டுகளும் இருக்கட்டும்.